நடைவண்டியின் பிடி

அன்புள்ளவளுக்கு,

சின்னவளும் குழந்தையும் நலம் என்று கேட்டதும், பின்னறையிலிருந்து நடைவண்டியை வெளியே எடுத்தேன். “லேசா தூசி தட்டி வைங்க, போதும். உங்க மியூசியம் வேலையை அதுகிட்ட காட்டாதீங்க” என்று போனில் சொன்னாய். காட்டிவிட்டேன்.

முறைப்படிதான் செய்தேன். முதலில் மென்மையான தூரிகை, பிறகு நன்றாகப் பிழிந்த ஈரப் பஞ்சு. தேய்க்காமல் உருட்டி உருட்டி எடுத்தேன். பிடியிலிருந்த கருப்பு போகப் போக எனக்கு ஒரே சந்தோஷம். மரம் வெளுத்த பிறகுதான் உறைத்தது. சின்னவள் இதைத் தொட்டதே இல்லை. என் விரலைப் பிடித்துத்தான் நடந்தாள். அந்தக் கருப்பு மூத்தவளுடையது. நம்மோடு இருந்த கொஞ்ச காலமும், எதையாவது தின்றுகொண்டே வந்து பிடித்த கை.

அகழ்வில் கிடைத்த அகப்பையின் காம்பைத் துடைக்காதீர்கள், அது அழுக்கல்ல, பிடித்தவரின் கை என்று வேலையில் இருந்தவரை ஊருக்கு உபதேசம் செய்தவன் நான்.

பஞ்சைக் குப்பையில் போட மனம் வரவில்லை. ஒரு டப்பாவில் போட்டு உன் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

நான் வெளியே போகும்போதெல்லாம் நீ பின்னறைக்குள் போய் வருவது எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்கத் துணிந்ததில்லை. வந்ததும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் வீட்டுக்காரன்