பொழியில் நான் முங்கவில்லை

என் பிரியத்துக்குரிய அண்ணே,

உன் அஸ்திக் கலசம் இன்னும் வீட்டுப் பலாமரத்தடியில்தான் இருக்கிறது. வேளிக் காயலும் கடலும் சேரும் பொழியில் கரைக்கச் சொன்னாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு கேட்டதால் தலையாட்டிவிட்டேன். அந்தத் தண்ணீரை நினைத்தாலே குமட்டுகிறது.

சுற்றுலாப் படகு ஓட்டிக்கொண்டே என்னவெல்லாம் அளப்பாய்! "ராஜா காலத்துல இதுவழியா கொல்லத்துக்கு வள்ளம் போச்சு சாரே. மழையில காயல் நிறைஞ்சா நடுவுல உள்ள மணல்திட்டை முறிப்போம். அன்னைக்குக் காயலுக்கும் கடலுக்கும் கல்யாணம்!" எல்லோரும் கைதட்டுவார்கள். பெண்வீட்டுச் சீதனம் என்ன என்று ஒருநாளாவது சொன்னாயா?

நான் கழிவுநீர்ப் பொறியியல் படித்தவன். நகரத்துச் சாக்கடை வந்து தேங்கும் இடத்தில் மிதிபடகு விட்டால் அது உல்லாசத் தலமாகிவிடுமா? மூக்கைப் பொத்திக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள். படகு விசிறியில் சிக்கிய பாயல் செடியைப் பிடுங்க, காலில் வெட்டுக்காயத்தோடு நீ அதில் இறங்கினாய். எலிக்காய்ச்சல் வந்தது. உன்னைக் கொன்ற தண்ணீரிலேயே கரையணும் என்றால் என்ன பிடிவாதம் இது?

போன வாரம் பொழி முறித்தார்கள். கடல் உள்ளே ஏறினால் சுத்தமாகிவிடும் என்று கணக்குப் போட்டு, கலசத்தோடு அம்மாவையும் கூட்டிப்போனேன். முட்டாள்தனம். மணலை வெட்டியதும் முதலில் வெளியே பாய்ந்தது காயல்தான்: கறுப்புத் தண்ணீர், டயப்பர்கள், வயிறு வீங்கிய ஒரு நாய். உன்னோடு படகு ஓட்டிய மணியண்ணன் மட்டும், "நல்ல ஒழுக்கு, கேட்டோ!" என்று தண்ணீரின் வேகத்தைப் பார்த்துக் குதித்தார்.

நான் வேட்டியை மடித்துக்கட்டினேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லே, கரைச்சா நீயும் அதுல முங்கி எழணும்லா?"

"முறை அதானேம்மா."

"ஒருத்தனைக் குடுத்தாச்சு. நீ முங்காண்டாம்."

"அண்ணன் கேட்டான்லா..."

"அவன் கேப்பான். அந்த நாத்தத்துலதானே சோறு தின்னான்! நீ வா மக்கா."

திரும்பி வந்துவிட்டோம். கன்னியாகுமரிக்குக் கொண்டுபோகலாம் என்கிறாள் அம்மா. நான் சம்மதிக்கவில்லை. வாக்குக் கொடுத்தவன் நான். ஆனால் அந்தச் சாக்கடையில் உன்னை விடவும் மாட்டேன்.

நான் பயமில்லாமல் முங்கி எழக்கூடிய தண்ணீர் அங்கே ஓடும் நாளில் உன்னைக் கொண்டுபோவேன். அந்த நாள் தானாக வராது, அது எனக்குத் தெரியும். வரவைக்கத்தானே இந்தப் படிப்பைப் படிக்கவைத்தாய்? அதுவரை பலாமரத்தடியில் கிட. கோபப்படாதே, இருக்கிற கோபம் முழுக்க எனக்கு வேண்டியிருக்கிறது.

முங்காமல் திரும்பிய உன் தம்பி,
குமார்