எடது கால் சொன்ன பொய்

மே 11, ஞாயிறு

கத்திரி வெயில். மண்டைய பொளக்குது. கரண்டு பத்துக்குப் போயி பன்னண்டுக்கு வந்துச்சு. பட்னப்பாக்கத்துல வஞ்சிரம் வெல கேட்டுட்டு சங்கரா வாங்கிக்கினு வந்தேன். மீன்காரம்மா, "இன்னா பெருசு, வஞ்சிரத்த கண்ணாலயே துன்னுட்டியா?"ன்னா. "ஆமா, முள்ளுதான் கண்ல குத்திக்கிச்சு"ன்னேன். சிரிச்சா. ஒரு மீனு சேத்துப் போட்டா.

அதோட சந்தோஷம் ஓவர்.

மருமவ தேவி (இனிமே தே., எழுத எழுத கை வலிக்குது) மூஞ்சி தொங்கிக்கினு வந்தா. தி.நகர் துணிக்கடைல பில்லு போட்றா, ஞாயித்துக்கெழம கூட லீவு இல்ல. மீதி நேரம் லேப்டாப்ல மூசிக்கு. பாட்டு இல்ல, மூசிக்கு. ஆட்றதுக்கு. இப்ப ஒண்ணு ஏழு நிமிசத்துக்குப் பண்ணிக்கீறா. உள்ள இன்னா இன்னா கீதுன்னா:
பில்லு மிசின் கிர்ர்ர்.
கடை ஷட்டர் டமார்.
காலி தண்ணி கேன் தொம் தொம்.
அப்பால கம்ப்யூட்டர்ல இருந்து கொய்ங்னு ஒண்ணு, மழக்காத்து மாதிரி.
வாய்ப்பாட்டு கெடையாது. ஒரு வார்த்த கெடையாது. அத்தினி ஸோக்கு.

அடையார்ல ஒரு ஹாலு. சனிக்கெழம சாய்ந்தரம் இந்த மாரி மூசிக்கு போட்டு அல்லாரும் ஆட்றாங்களாம். இந்த வாரம் தே.க்கு எட்டு மணிக்கு எடம் குடுக்குறேன்னானாம் ஹால்காரன். மொத தடவ. ஆனா ஒரு கண்டிசன். "வோக்கல்ஸ் இல்லாம ஏழு நிமிசம் எவன் ஆடுவான்? எவளயாச்சும் பாட வெச்சு எடுத்துனு வா."

எவன் ஆடுவானா? டேய், நான் ஆடுவேன்டா! நாப்பது வருசமா இந்த ஏரியால எவன் செத்தாலும் பாடைக்கு முன்னாடி ஆட்றவன் நானு. ராத்திரி கானா பாடுவான். அல்லாரும் குந்திக்கினு கேப்பான், அழுவான், மூக்க சிந்துவான். ஆட மாட்டான். காத்தால மோளம் அடிப்பான் பாரு, அதுல வார்த்தையே கெடையாது, அப்பதான் ஆடுவான். பாட்டு வந்தா காது வேல செய்யும், கால் நின்னுடும். இது தெரியாம ஹாலு நடத்துறான் பேமானி.

மே 12, திங்கள்

டீக்கடைல மணியாண்ட சொன்னேன். ஆட்டோ ஸ்டாண்டுல எனுக்கு அடுத்த வண்டி அவனோடதுதான், முப்பது வருசம். எம் பக்கம் பேசுவான்னு பாத்தா, "கொரல் இல்லாத மூசிக்கு, ஆளில்லாத வூட்ல டிவி ஓட்ற மாரிடா"ன்றான். "ஒன் வூட்ல ஆளுங்க கீறப்பவே டிவி மட்டுந்தானடா பேசுது"ன்னேன். டீ மாஸ்டரு சிரிச்சான். மணிக்கு மூஞ்சி செவந்துச்சு. "பந்தயம் வெச்சுக்க, அந்தப் புள்ள பாட வெச்சுத்தான் போடப் போவுது"ன்னான். கடைல அத்தினி பேரு முன்னாடி சொன்னேன், வெக்காது, நான் கீற வரிக்கும் வெக்காதுன்னு.

ஏன் சொன்னேன்னா, காரணம் கீது. இத எவனும் படிக்கப் போறதில்ல, எழுதறேன். தே. ஒரு மூசிக்கு பண்ணா மொதல்ல யாருக்கும் போட மாட்டா. நான் துன்னும்போது அடுப்பாண்டருந்து போடுவா. எம் மூஞ்சிய பாக்க மாட்டா, எடது கால பாப்பா. முடியறதுக்குள்ள கால் ஆடிச்சுன்னா வெச்சுப்பா. ஆடலன்னா தூக்கிப் போட்ருவா. எனுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கினு கீறா. என் புள்ள பாபு கப்பலுக்கு வேலைக்குப் போற முன்னாடியே ஒளறிட்டான், "நைனா, ஒன் கால்தான் எங்க வூட்டு ஜட்ஜு"ன்னு.

ஜட்ஜு. பள்ளிக்கூடத்துல அஞ்சாவது தாண்டல.

மே 13, செவ்வா

பாட ஆளு வந்துச்சு. வைஷ்ணவின்னு ஒரு பொண்ணு (வை.). மைலாப்பூரு, கொளத்தாண்ட வூடு. கச்சேரில பாட்றவ. பொடவ எடுக்கப் போன எடத்துல தே. கூட சிநேகிதம். கதவாண்டயே, "மாமா, சௌக்கியமா? ஃபேன சித்த நிறுத்தலாமா? காத்து சத்தம் மைக்ல விழறது"ன்னா.

"நிறுத்திக்கோ. நான் செத்தா அதுக்கும் நீயே பாடிடு."

தே. மொறைச்சா. அந்தப் பொண்ணு சிரிச்சுக்கினே, "அதுக்கு ரேட் ஜாஸ்தி மாமா"ன்னா.

வாயாடி. சரிதான், உடக் கூடாதுன்னு, "ஏம்மா, ஒன் பாட்டுக்கு எவனாச்சும் எய்ந்து ஆடிக்கீறானா?"ன்னேன்.

"ஆடமாட்டா மாமா. தலைய ஆட்டுவா."

"தலைய ஆட்ட நாங்க இன்னா பூம்பூம் மாடா?"

இதுக்கும் சிரிச்சா. கோவமே வர மாட்டேன்னுது அதுக்கு. எனுக்குத்தான் வருது. ரெண்டு மணி நேரம் ஃபேன் இல்ல. பனியன் புழிஞ்சா ஒரு சொம்பு வரும். குக்கர் வெக்காத, கொழா தொறக்காத, தும்மாத. எவ வூடு இது?

பாட்னா. நல்லாதான் பாட்னா. அதான் இன்னும் கோவம்.

மே 15, வியாழன்

எழுதவே புடிக்கல. எழுதறேன்.

ஏழு மணிக்கு வை. வந்துச்சு. தே. தட்டுல இட்லி வெச்சா. ரெண்டு பேரும் அடுப்பாண்ட நின்னுக்கினாங்க. லேப்டாப்ப தட்னா. எனுக்குப் புரிஞ்சுபோச்சு. ரெண்டு பேரு கண்ணும் எம் முட்டிக்குக் கீழதான்.

மொத நிமிசம் பில்லு மிசின். ரெண்டாவது நிமிசம் ஷட்டரு. வை. வார்த்தயா பாட்னது வந்துச்சு, வானம் மேகம்னு என்னமோ. கால் கம்முனு கீது. பாத்தியாடா மணின்னு மனசுக்குள்ள சொல்லிக்கினேன்.

நாலாவது நிமிசம். வார்த்த நின்னுபோச்சு. அந்தப் பொண்ணு மூச்ச இஸ்துக்கினு ஆ...ன்னு ஏறுது. அத தே. துண்டு துண்டா வெட்டி, தண்ணி கேன் தொம்முக்கு நடுநடுவுல சொருகிக்கீறா. ஆ. தொம். ஆ ஆ. தொம். எம்மாடி. மோளக்காரன் கொரல் எடுத்து அடிச்சா எப்பிடி இருக்கும்? அப்பிடி கீது.

கால் கெளம்பிச்சு. சத்தியமா கெளம்பிச்சு.

நான் அத நாக்காலிக் கால்ல மாட்டிக்கினு, பெருவெரல தரையில ஊணி அழுத்திக்கினேன். கெண்டக்கால் நரம்பு இஸ்துக்கிச்சு. மணி மூஞ்சி, டீக்கடை, "நான் கீற வரிக்கும்"னு சொன்னது, அல்லாம் கண்ணு முன்னாடி. மூணு நிமிசம் புடிச்சுக்கினு குந்தினேன். இன்னும் வலிக்குது.

முடிஞ்சுது. "சட்னி கொஞ்சம் போடு"ன்னேன்.

தே. லேப்டாப்ப மூடுனா. வை. எங் கால பாத்துச்சு, தே.வ பாத்துச்சு. "சரி தேவி, நான் கெளம்பறேன்"னு பைய எடுத்துக்கினு செருப்ப மாட்டிக்கினு பூட்டா. என்னாண்ட போயிட்டு வரேன் மாமான்னு சொல்லல. போன தடவ சொல்லிட்டுப் போன பொண்ணு.

மே 16, வெள்ளி

தே. ஹால்காரனாண்ட போன்ல கத்துனா. கொரல் இல்லாமதான் போடுவேன்னுட்டா. "யார் சொன்னா?"ன்றான் அவன். "எங்க வூட்ல ஒருத்தர் சொன்னாரு. அவரு சொன்னா தப்பாவாது." ஸ்பீக்கர்ல போட்டுக்கினு பேசுனா, எங் காதுல விழுந்துச்சு. எய்ந்து கக்கூசுக்குப் பூட்டேன்.

எட்டு மணி எடம் போச்சு. அஞ்சு மணிக்குத் தள்ளிட்டான். அஞ்சு மணிக்கு எவன் வருவான்? ஹாலு பெருக்குறவன் வருவான்.

அப்பவாச்சும் வாயத் தொறந்திருக்கலாம். தொறந்தேன். "தண்ணி லாரி வந்துச்சா?"ன்னு கேட்டேன். கஸ்மாலம். என்னியத்தான்.

மணியாண்ட ஜெயிச்சுட்டேன்னு சொல்லல. டீக்கடைக்கே போவல.

மே 17, சனி

அடையார். பஸ்ல போனோம். தே. நீலக் கலர்ல புதுச் சட்ட. கடைல லீவு கேட்டதுக்கு மேனேஜரு, "டிஜேவா? நீயா?"ன்னானாம். "ஆமா சார், பில்லும் நான்தான் போட்றேன், பாட்டும் நான்தான் போட்றேன்"ன்னாளாம். நான் சொல்ற மாரியே சொல்லிக்கீறா.

ஹால்ல முப்பது பேரு. அல்லாம் சின்ன வயசு. கைல ஒரு கிளாசு, இன்னோரு கைல போனு. கால எங்கடா வெச்சீங்க, வூட்லயா? எனுக்குப் பத்திக்கினு வந்துச்சு. மொத மூணு நிமிசம் பரவால்ல. ரெண்டு பொண்ணுங்க தோள ஆட்டுச்சு. ஒரு தாடிக்காரன் கண்ண மூடிக்கினு நல்லாவே ஆட்னான்.

நாலாவது நிமிசம் வந்துச்சு. தொம். அப்பால ஒண்ணுமில்ல. தொம். ஒண்ணுமில்ல. அந்தப் பொண்ணு கொரல் இருந்த எடம் பொக்கப்பல்லு மாரி தொறந்துக்கினு கீது. தே. அத அடைக்கவே இல்ல, நேரம் இல்ல அவுளுக்கு. தாடிக்காரன் கண்ணத் தொறந்தான். கொஞ்சம் நின்னான். அப்பால போன எடுத்து நோண்டிக்கினே பூட்டான்.

தே. மேல நின்னுக்கினு பாத்தா. எல்லாத்தியும் பாத்தா.

ஹால்காரன் ஒண்ணும் திட்டல. "ஓகே ஓகே, தேங்க்ஸ்"ன்னான். திட்டியிருந்தா சண்டையாச்சும் போட்டுருப்பேன்.

பஸ்ல ஜன்னல் பக்கம் குந்தினா. பாலம் தாண்டறப்போ சொல்லிட்டேன். "தேவி, அன்னிக்கி கால் ஆடிச்சும்மா. நான்தான் புடிச்சுக்கினேன்."

ஜன்னல்லருந்து திரும்பி எங் கால பாத்தா.

"எந்த எடத்துல மாமா?"

"நாலாவது நிமிசம். ஆ ஆன்னு வெட்டி வெச்சியே."

"ஏன் மாமா?"

மணின்னேன். டீக்கடைன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கலீஜா கீது. அவ கேட்டுக்கினு, "இத நேத்து சொல்லியிருக்கலாம் இல்ல?"ன்னா. அம்புட்டுதான். மந்தவெளில எறங்கி எனுக்கு முன்னாடி நடந்து பூட்டா.

மே 18, ஞாயிறு

காத்தால வை. வூட்டுக்குப் போனேன். ரெண்டாவது மாடி. முட்டி போச்சு. அவுங்கம்மா கதவத் தொறந்து, "யாரு வேணும்?"ன்னாங்க. "ஒங்க பொண்ணாண்ட பொய் சொன்ன ஆளு வந்துக்கீறான்னு சொல்லுங்க"ன்னேன். தமாசுன்னு நெனச்சு காபி போடப் போனாங்க.

வை. வந்து நின்னா. அல்லாத்தியும் சொன்னேன். சிரிக்கல.

"நன்னா இல்லைன்னு சொல்லியிருந்தேள்னா நான் சண்டை போட்டிருப்பேன் மாமா. நீங்க ஒண்ணுமே சொல்லாம சட்னி கேட்டேள்."

"தப்புதான்."

"அந்த எடத்துக்குத்தான் நான் ரெண்டு மணி நேரம் பாடினேன். மத்ததெல்லாம் தேவி கேட்டான்னு பாடினது."

"அதயே திரும்பப் போடச் சொல்றேன்மா. ஹால்காரனாண்ட நான் பேசறேன்."

"அழிச்சாச்சு. நான்தான் அழிக்கச் சொன்னேன்."

"மறுக்கா பாடேன்."

"உங்க காலுக்காகவா?"

எனுக்கு அப்பிடியே ஏறிச்சு. மூத்தவன் படியேறி வந்து கேக்கறான், இன்னா பேச்சு இதுன்னு கத்திட்டேன். எதிர் வூட்ல ஒருத்தர் எட்டிப் பாத்தாரு. அவ கொரல ஏத்தவே இல்ல. "தேவி கேட்டா பாடறேன். நீங்க கேட்டு இல்ல."

காபி வந்துச்சு. நின்னுக்கினே குடிச்சேன். நாக்கு வெந்துபோச்சு.

வூட்டுக்கு வந்து தே.யாண்ட சொன்னேன், நீ கேட்டா பாடுவாளாம்னு. "சரி மாமா"ன்னா. கேப்பாளான்னு சொல்லல.

மே 20, செவ்வா

புழுக்கம். மோடம் போட்டுக்கினு கீது, பேயல.

ராத்திரி சோறு போட்டா. கருவாட்டுக் கொழம்பு. நல்லா இருந்துச்சு, சொன்னேன். தல ஆட்னா. லேப்டாப்ப தூக்கிக்கினு வந்து எதுத்தாப்புல குந்தினா. காதுல பெருசா ஒண்ணு மாட்டிக்கினா, கறுப்பா, பஞ்சு வெச்சது. புதுசு. வொயரு லேப்டாப்புக்குப் போவுது.

"இன்னா கேக்குற?"ன்னேன்.

ஒரு பக்கம் தூக்கி, "இன்னா மாமா?"ன்னா.

"இன்னா கேக்குறன்னேன்."

"வேலதான்"னு திரும்ப மாட்டிக்கினா.

ஒரு மணி நேரம் குந்திப் பாத்தேன். அவ தல ஆடுது, அப்பப்ப நிறுத்தி என்னமோ தட்றா, திரும்ப ஆடுது. வெளிய ஒரு சத்தம் வரல. உள்ள அந்தப் பொண்ணு பாட்றாளா இல்லியான்னு எனுக்குத் தெரில.