பகலில் வீட்டில் இருப்பவர்

மார்ச் 3, ஞாயிறு

இன்று நான் சொல்லாதது: “நான் இருக்க மாட்டேன்.”

நாய்க்குட்டி பார்க்கப் போன வீட்டில் அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி, “பகல்ல வீட்டுல யாரு இருப்பீங்க?” மாமா திரும்பிக்கூடப் பார்க்காமல் கட்டைவிரலால் என்னைக் காட்டினார். “இவ இருக்கா. என் மச்சினிச்சி. சும்மா வீட்லதான் இருப்பா.”

சும்மா! சட்டப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது சும்மா. வீட்டிலிருந்து செய்கிற எந்த வேலையும் அவருக்குச் சும்மாதான். அக்காவின் கணவர் என்பதால் மாமா என்று கூப்பிடுகிறேன். அதற்கு மேல் அவருக்கு நான் தரும் மரியாதை ஒன்றும் இல்லை. லிஃப்ட் விற்கும் கம்பெனியில் மேலாளர். மனிதர்களையும் மாடி மாடியாகத்தான் பார்ப்பார். நான் தரைத்தளம்.

ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எனக்கு வேறு ஊரில், ஒரு பதிப்பகத்தில் வேலை. கடிதம் வந்துவிட்டது. இன்னும் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அக்கா அழுவாள், மாமா ஜோக்கடிப்பார். இரண்டில் எது மோசம் என்று தெரியாததால் வாயைத் திறக்கவில்லை.

அந்த அம்மாளும் லேசுப்பட்டவர் இல்லை. நாய்களை வீட்டிலேயே வளர்த்து, எப்போதாவது ஒரு தடவைதான் குட்டி போட விடுவாராம். கூடத்தில் பாதியைத் தடுப்பு வைத்து நாய்களுக்கு விட்டிருக்கிறார். மீதிப் பாதியில் ஒரு சோபா, அதிலும் நாய் முடி. குட்டிகளை விற்கிறேன் என்று சொல்ல வாய் வராது. ‘அனுப்பி வைக்கிறேன்’ என்கிறார். வியாபாரத்துக்குச் சர்க்கரை தூவுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. குட்டிகளுக்குப் பரம்பரை இடுப்புக் கோளாறு வராது என்று காட்ட, கேட்காமலே தாய் நாயின் இடுப்பு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். மாமா கட்டட வரைபடம் பார்ப்பவர்போலத் தலையாட்டினார். புரிந்திருந்தால் அதிசயம்.

குட்டிகளின் கழுத்தில் ஆளுக்கொரு நிறத்தில் கம்பளி நூல். மாமா எடுத்த எடுப்பிலேயே சிவப்பு நூல் குட்டியைக் கேட்டார். இருப்பதிலேயே பெரிது அதுதான்.

“நீங்க எடுக்கறது இல்ல சார். எது யாருக்குச் சரிவரும்னு நான் பாத்துச் சொல்லுவேன். ஞாயித்துக்கிழமை வாங்க, சும்மா தரையில உக்காருங்க.”

காரில் வரும்போது மாமா பொரிந்து தள்ளினார். வாங்குவது அவராம், கட்டளை போடுவது அவளாம். அக்கா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மார்ச் 6, புதன்

மாமா இன்றும் மதியமே வந்துவிட்டார். பெரிய பதவியின் சுகம்.

மார்ச் 10, ஞாயிறு

வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு நாய்க்குட்டி பார்க்கப் போகிற மனிதரை என்ன சொல்வது? தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கிச் சிவப்பு நூலைக் கூப்பிட்டார். அது திரும்பியும் பார்க்கவில்லை. சாம்பல் நூல் ஒன்று — எலும்பும் தோலுமாக, எதற்கெடுத்தாலும் யோசிக்கிற முகம் — அவர் மடியில் ஏறி ஈரமாக்கிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

எழுந்திருப்பார் என்று பார்த்தேன். எழவில்லை. கறை தெரிந்துவிடும் என்ற பயமாக இருக்கும். அது மடியிலேயே தூங்குகிற வரை அசையாமல் இருந்தார். அம்மாள் ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 17, ஞாயிறு

இரவுச் சாப்பாட்டின்போது மாமா எனக்கு வகுப்பு எடுத்தார்.

“புலவரே, நாலு வேளை சாப்பாடு. தூங்கி எழுந்தா உடனே வெளிய தூக்கிட்டுப் போகணும். புத்தகத்துல மூக்க விட்டுட்டு மறந்துடாதீங்க.”

நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“நான் பேர் வைப்பேன்.”

அக்கா சிரித்துவிட்டாள். அவள் மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, இவருக்குத் தட்டு வைத்து, சிரிக்கவும் செய்கிறாள். அடுப்படியில் பிடித்துக் கேட்டேன், இந்த வீட்டுக்கு எதற்கு நாய் என்று. “ஆசைப்படறாரு, விடேன். என்னிக்கு எதக் கேட்டாரு?” என்றாள். என்றைக்கு எதைக் கேட்காமல் இருந்தார் என்று நான் கேட்கவில்லை.

எனக்குப் பதிலாக ஒரு நாயைக் கட்டிப்போடலாம் என்பது போய், நாயைக் காட்டி என்னைக் கட்டிப்போடுகிறார்கள்.

மார்ச் 23, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

குட்டி அனுப்புவதற்கு முன் அந்த அம்மாள் வீட்டைப் பார்க்க வருவாராம்; அது அவர் வழக்கம். வந்தார். வாசல் கேட்டின் கம்பி இடைவெளியில் முஷ்டியை நுழைத்துப் பார்த்தார். மண்டியிட்டு மேசைக்கடியில் மின்சார ஒயர்களைப் பார்த்தார். எலும்புப் படம் போட்ட மெத்தையை மாமா பெருமையாகக் காட்டினார். அதை அவர் கண்டுகொள்ளவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

“நாய் பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்கும். நீ இருப்பியாம்மா?”

எத்தனை நாள் இங்கே இருப்பாய் என்று இந்த வீட்டில் என்னை யாரும் கேட்டதில்லை. ஒரு நாய்க்காகக் கேட்டார்கள்.

“மாட்டேன். ஒண்ணாம் தேதி வேற ஊர்ல வேலைக்குச் சேர்றேன்.”

அக்கா கையிலிருந்த தண்ணீர்த் தம்ளரை யாருக்கும் கொடுக்காமல் அப்படியே நின்றாள். அம்மாள் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். “அப்ப சரிவராதும்மா. நாள் முழுக்கத் தனியாக் கிடக்கும். தப்பா நினைக்காதீங்க.”

மாமா குதிப்பார் என்று காத்திருந்தேன். ஆசையாகவே காத்திருந்தேன், திருப்பிக் கொடுக்க இரண்டு வருடமாக வாக்கியங்கள் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “நான் இருப்பேன்” என்றார்.

“நீங்க ஆபீஸ் போவீங்களே சார்.”

“இல்ல. இந்த மாசத்தோட வேண்டாம்னுட்டாங்க.” மெத்தையைக் காலால் நேராக்கிக்கொண்டே, “பகல் முழுக்க வீட்லதான் இருப்பேன்.”

எப்போது சொன்னார்கள் என்று அக்கா கேட்டாள். போன மாதம் என்றார். அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க. நான் கேட்டா வாய் வராது. நாய்க்காரங்க கேட்டா வருது.”

அந்த அம்மாள் ஆறுதல் சொல்லவில்லை; அதற்காக அவரைக் கொஞ்சம் பிடித்தது. பையைக் கீழே வைத்துவிட்டு, வேறு வேலை கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மாமா தலையை நிமிர்த்தினார்.

“தெரியல. உங்களுக்கு போன் பண்ணிச் சொல்றேன். மறைக்க மாட்டேன்.”

“முடியலைன்னா எங்கிட்டயேதான் திருப்பித் தரணும். வேற யாரு தலையிலயும் கட்டக் கூடாது.”

சரி என்றார். அந்தச் ‘சரி’யில் எந்த மாடியும் இல்லை.

மார்ச் 24, ஞாயிறு

அக்கா என்னோடும் பேசவில்லை, அவரோடும் பேசவில்லை. ஒரே தண்டனையில் என்னையும் அவரையும் சேர்த்துவிட்டாள். அதுதான் பொறுக்க முடியவில்லை. நான் வேற, அவரு வேற இல்லையா? நான் பொய் சொல்லலையே — சொல்லாம இருந்தேன். அவரும் அதைத்தானே…

ஒருவரை நிம்மதியாக இளக்காரம் செய்யக்கூட வழியில்லாத வீடு. சீக்கிரம் கிளம்ப வேண்டும்.

மார்ச் 28, வியாழன்

கம்பெனியில் பிரிவுபசாரமாக ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்களாம். நேரம் போகாமல் இருக்கப்போகிற மனிதருக்குக் கடிகாரம். இவ்வளவு வருடமும் மாமாவைத்தான் உலகத்தின் உச்ச அசடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 30, சனி

குட்டி வந்தது. சிவப்பு நூல் இல்லை, சாம்பல் நூல். மாமா மறுப்புச் சொல்லவில்லை. பெயர் இன்னும் வைக்கவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

ரயிலில் எழுதுகிறேன். அக்கா மட்டும் ஸ்டேஷனுக்கு வந்தாள். பெட்டியை ஏற்றிவிட்டு, போய்ச் சேர்ந்ததும் போன் செய்யச் சொன்னாள். மாமா வரவில்லை. முதல் சில நாட்கள் குட்டியைத் தனியாக விடக் கூடாதாம், வீட்டிலேயே இருந்துவிட்டார்.