நான் குனிந்து எடுக்காத கார்டுகள்

தென்னூர், திருச்சி
10-8-1981

அன்புள்ள வஹீதாவுக்கு,

இருதயமேரி எழுதுகிறேன். பெருநாள் நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் நீ பதில் போடவில்லை. உன் கோபம் நியாயம்தான். இதையாவது கிழிப்பதற்கு முன் படித்துவிடு.

ஏப்ரலில், பரீட்சை முடிந்த பெண்கள் லைப்ரரியில் பாக்கிப் புத்தகம் இல்லை என்று கையெழுத்து வாங்க வந்தார்கள். முசிறிப் பெண் செல்லக்கிளியின் அட்டை வெறுமையாக இருந்தது. மூன்று வருஷத்தில் ஒரு புத்தகம்கூட எடுக்கவில்லை. அப்படி என்னதான் படித்தாய் என்று அதட்டினேன். என் குணம்தான் உனக்குத் தெரியுமே. அவள் புத்தக விவரக் கார்டுகள் அடுக்கிய டிராயரைக் காட்டி, "அதுல எப்படித் தேடுறதுன்னு தெரியல மிஸ். கேட்டா திட்டுவீங்கன்னு பயம்" என்றாள். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். வேறென்ன செய்ய?

அன்றிலிருந்து உன் வகுப்புதான் கண்முன் நிற்கிறது. புத்தகம் தேடச் சொல்லித்தருகிறேன் என்று அந்த டிராயரையே வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனாயே, அந்த நாள். கார்டுகளைக் கோத்திருந்த கம்பி கழன்று எல்லாம் தரையில் கொட்டியது. புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவர்களுக்குப் பாடம் நடத்துகிற ஆசை எதற்கு என்று அந்த வகுப்புப் பேராசிரியை கேட்டார். வகுப்பே சிரித்தது. மணி அடிக்கும்வரை நீ ஒருத்தியாகத் தரையில் உட்கார்ந்து பொறுக்கினாய். உனக்குத் துணையாக லைப்ரரியிலிருந்து வந்து பின் வரிசையில் இருந்த நான் எழுந்து வரவில்லை. நானும் சிரித்தேன் வஹீதா. இதை எழுத இத்தனை நாள் எனக்குத் துணிவு வரவில்லை. அடுத்த மாதமே நீ வேலையை விட்டுவிட்டு வாணியம்பாடிக்குப் போய்விட்டாய்.

இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை, இங்குள்ள கல்லூரி லைப்ரேரியன்கள் ஐந்து பேர் என் வீட்டில் கூடுகிறோம். பாடம் எடுக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் ஒருவர் எடுக்க, மற்றவர்கள் மாணவர்களாக உட்கார்ந்து, புரியாததைக் கேட்கிறோம். முதல் நாள் நான்தான் எழுந்தேன். இரண்டே நிமிஷத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அழுதுவிட்டேன். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் ரெங்கராஜ் சார், "பரவால்ல மேடம், முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார். உனக்கு அன்று அப்படிச் சொல்ல ஒருத்தரும் இல்லையே.

இந்த மாதக் கூட்டம் 29ஆம் தேதி. நீ பாடம் எடுக்க வேண்டாம், யாரோடும் பேசக்கூட வேண்டாம். பின் வரிசையில் உட்கார்ந்தால் போதும். டிராயரோடு நான் முன்னால் நிற்கிறேன். தடுமாறினால் நீ சிரி. கார்டு கொட்டினால் எழுந்து வராதே, நானே பொறுக்கிக்கொள்கிறேன்.

ஆண்டவர் உன் மனசை ஆற்றட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
இருதயமேரி