பக்திப் பெட்டிக்குள் போன இத்தாலிப் படம்

அண்ணை, நேற்று உங்கள் மனைவியான அக்கா ஒரு உறையை என் கையில் தந்தார். பிரிக்கும் முன்பே மணந்து பார்த்தேன். மண்ணிறத் தாளும் ஒட்டுநாடாவும்: உங்கள் கடையின் மணம். மேலே உங்கள் எழுத்து: "பதினெட்டு முடிஞ்ச பிறகு." இன்னும் ஐந்து மாதம் கிடக்கிறது. செத்தும் கண்டிக்கிற ஆள் நீங்கள்.

இந்தக் குளிர்நாட்டில், லாங்ஸ்ட்ராஸத் தெருவில் இருந்த உங்கள் வீடியோக் கடையின் மேல்தட்டில் தாள் சுற்றி இருந்த ஒரே படம் அது. உலகப்போர்க் காலத்து இத்தாலி, ஒரு குறுநாவலின் கதை, மணமான ஒருத்தியின் ஆசை. அதற்கு மேல் எனக்கு நீங்கள் சொன்னதில்லை. எடுக்க வருகிறவர்கள் முதலில் குளிரைப் பற்றிக் கதைப்பார்கள். பிறகு குரல் தாழும்.

"அண்ணை, அந்தச் சரித்திரப் படம் கிடக்கோ?"

"ஓம். வடிவாப் படியுங்கோ," என்பீர்கள், முகம் மாறாமல்.

பதின்மூன்று வயதில், பள்ளி விட்டதும் உங்கள் கடையிலேயே கிடந்த எனக்குக் குறும்புக்கு அது போதாதா? பக்திப் படத்தின் டிவிடித் தட்டை அந்தப் பெட்டிக்குள்ளும், அதன் தட்டைப் பக்திப் பெட்டிக்குள்ளும் மாற்றி வைத்தேன். எவரும் முறையிட முடியாது. முறையிட்டால் எதை எடுத்தார் என்று சொல்லவேண்டி வரும். மூன்று மாமாக்கள் எடுத்துப்போய், மூவரும் வாய் திறவாமல் திருப்பித் தந்தார்கள். ஒருவர் அடுத்த வெள்ளி திருநீற்றோடு வந்தார்!

பக்திப் பெட்டிக்குள் இப்போது என்ன இருக்கிறது என்பதைத்தான் மறந்துபோனேன். 2009 நவராத்திரிக்குப் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்ட விழாத் தலைவர் அதையே எடுத்துப் போய்விட்டார். ஓடிவந்து சொன்னேன்.

"எட தறுதலை!" என்று கடையைப் பூட்டினீர்கள். விழா நடந்த அட்லிஸ்வில் வரைக்கும் ரயிலில் நின்றபடியே வந்தீர்கள்.

மண்டபத்தில் படம் தொடங்கியிருந்தது. சேற்று வழி, தலையில் மூட்டையோடு பெண்கள், விமானச் சத்தம். இது என்ன படம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு அன்ரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தா. நீங்கள் படத்தை நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்தீர்கள், அழுத்தவில்லை. மே மாதம் ஊரில் போர் முடிந்த பிறகு அங்கிருந்த உங்கள் தம்பியிடமிருந்து தொலைபேசி வந்ததில்லை என்பது எனக்கும் தெரியும். திரையில் ஒரு அதிகாரி அந்த மணமான பெண்ணின் கதவைத் தட்டினான். அப்போதுதான் அழுத்தினீர்கள்.

"ஆர் பாத்த வேலை இது?" என்றார் தலைவர்.

நான் வாய் திறக்க, என் காலை மிதித்தீர்கள். "நான்தான் மாறிப் போட்டிட்டன்."

திரும்பும் வழியில் கேட்டேன், ஏன் அண்ணை என்று. "நீ சொன்னா உன்ரை அம்மா சனத்துக்குள்ளை தலை நிமிர ஏலாது. எனக்கென்ன, கடைதானே."

அந்தக் கடையும் அடுத்த ஆண்டே போனது. குடும்பங்கள் படியேறவில்லை. நீங்கள் உணவகத்தில் கோப்பை கழுவப் போனீர்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

நேற்று உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டம். அதே தலைவர் பேசினார்: "தங்கமான மனுசன். அந்த ஒரு படத்தாலைதான் பேர் கெட்டது."

எழுந்தேன். இம்முறை மிதிக்க உங்கள் கால் இல்லை.

"மாமா, தட்டை மாத்தி வைச்சது நான்."

அம்மா தலை குனிந்தா. பின்வரிசையில் மூன்று மாமாக்கள் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகுதான் அக்கா உள்ளே போய் இந்த உறையை எடுத்துவந்தார்.

பிரிக்கவில்லை, அண்ணை. என் பள்ளிப் பையில் கிடக்கிறது. பதினெட்டு முடிந்ததும் பார்ப்பேன், நீங்கள் அழுத்தாமல் நின்ற அந்த இடம் வரைக்கும்.