மானியப் புல்

நெப்ராஸ்கா,
அக்டோபர் 9.

அன்புள்ள அர்டித்,

மார்லிஸ் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதில் எனக்கு வருத்தமில்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். மகள் வீட்டில் சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா?

இங்கே மழை பெய்கிறது. கோடை முழுவதும் எட்டிப் பார்க்காத பாழாய்ப்போன மழை, உங்கள் மாடுகள் எல்லாம் விற்றுப்போன பிறகு கொட்டுகிறது. உங்கள் நிலத்தை ஏலத்தில் எடுத்தவன் அந்த மானியப் புல்லை உழுது மக்காச்சோளம் போடப்போகிறானாம். உன் டுவைட் அதில் மாட்டை விட்டதற்குத்தானே இத்தனையும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

கட்டிய புருஷன் என்பதற்காக எல்டனுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. விவசாயிகளின் மானியக் கமிட்டித் தேர்தலில் அவரை நிற்கவைத்ததே டுவைட்தான். "டேய், நம்ம ஆளு ஒருத்தன் உள்ள இருந்தாத்தான்டா நமக்கு நல்லது" என்று என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னார். அந்த நம்ம ஆள்தான் உள்ளே போய்க் கையைத் தூக்கினார். பறவைகள் குஞ்சு பொரித்து முடிக்குமுன் அந்தப் புல்லில் மாட்டை மேயவிட்டது குற்றம், நிலத்தை உழாமல் புல்லாக விட்டதற்கு இத்தனை வருஷம் வாங்கிய மானியத்தை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்று கமிட்டியின் மூன்று பேரும் ஒன்றாகக் கை தூக்கினார்கள். வீட்டுக்கு வந்து, "சிநேகிதன்னு விட்டா நாளைக்கு ஊரே காறித் துப்பும்டி, நான் என்ன பண்ணட்டும்" என்றார். பத்து நாள் கழித்து, வறட்சி என்று சொல்லி எல்லாருடைய மானியப் புல்லையும் மேய்ச்சலுக்குத் திறந்துவிட்டார்கள். எங்கள் மாடுகளும் போய் மேய்ந்தன, அர்டித். வயிறு நிறைய மேய்ந்தன.

டுவைட் மேலும் எனக்குக் கோபம் உண்டு. இப்படியா ஒரு மனுஷன் தன்னை முடித்துக்கொள்வது? அதற்கு முந்தின வாரம் உங்கள் நாய் பெப்பரைக் கொண்டுவந்து எங்களிடம் விட்டார். "நீயே வெச்சுக்கடா, மேய்க்கிறதுக்கு எங்கிட்ட மாடா இருக்கு, நாய் எதுக்கு?" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். மனசு ஆறிவிட்டது, பழையபடி பேச வந்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டோம்.

எல்டன் கமிட்டியை விட்டு விலகிவிட்டார். விடிந்ததும் பெப்பரை வண்டியில் ஏற்றிக்கொண்டு உங்கள் நிலத்துக்குப் போய், அறுந்த வேலிக் கம்பியை இழுத்துக் கட்டுகிறார். "அங்க ஏதுங்க மாடு, யாருக்கு வேலி கட்டுறீங்க?" என்று கேட்டேன். மறுநாளும் போனார். சாப்பாடு தட்டில் அப்படியே கிடக்கிறது. போன வாரம், "நரி வருதுடி, துப்பாக்கி எங்க?" என்றார். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று பொய் சொன்னேன். அது பாதிரியார் வீட்டில் இருக்கிறது.

நேற்று மாட்டு டாக்டர் வந்து போனார். எல்டன் தன் அப்பாவிடமிருந்து வந்த சேணத்தை எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டார். "நீங்களே வெச்சுக்குங்க, இனிமே எனக்கு எதுக்கு" என்று சிரித்தார். டாக்டரும் சிரித்தார். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

அர்டித், அவரை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. மன்னிக்க வேண்டாம். ஒரே ஒரு தடவை அவரைக் கூப்பிடு. வாய்க்கு வந்தபடி திட்டு. சாயங்காலம் வானிலைச் செய்தி நேரத்தில் வீட்டில்தான் இருப்பார். திட்டி முடித்த பிறகு, "பெப்பர் என் நாய். வசந்தத்துல நான் வந்து கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் நீதான் அதுக்குச் சோறு போடணும்" என்று சொல்லிவிட்டு போனை வை. உன் வார்த்தையை அவர் தட்டமாட்டார்.

நீ வராவிட்டாலும் பரவாயில்லை. வருவேன் என்று மட்டும் சொல்.

கர்த்தர் உன்னையும் உன் பேரக்குழந்தைகளையும் காப்பாராக.

உன்
மார்லிஸ்