ஓட்டை அடைத்த படகு

மச்சான்,

இன்று பக்கத்து வீட்டில் குங்கிலியப் புகை போட்டார்கள். பிள்ளை பெற்ற வீடு, போடத்தான் செய்வார்கள். எனக்குத்தான் உள்ளே உட்கார முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டேன்.

என் அக்காவைக் கட்டிய காலத்தில் நீங்கள் பண்ணை வயலில் கூலியாள். கூலித் தகராறில் ஊரே இரண்டுபட்டுக் கிடந்தபோது, "இனி எவன் வரப்புலயும் கைகட்டி நிக்கமாட்டேன்டா" என்று சொல்லி, என்னையும் இழுத்துக்கொண்டு கோடியக்கரைக்கு வந்தீர்கள். மீன்காரர்களிடம் திட்டு வாங்கித் திட்டு வாங்கியே கடலைக் கற்றோம். பல வருடம் கழித்து ஒரு பழைய மரப்படகு உங்களுக்குச் சொந்தமானது.

அக்கரையில் சண்டை நடந்த காலம் அது. ஒரு விடியலில் நம் படகின் மேல் குண்டு பாய்ந்தது. சுட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. உங்கள் தொடையில் ஒன்று, படகில் ஏழெட்டு. தண்ணீரை இறைத்து இறைத்துக் கரை சேர்த்தேன். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான், சேதமான படகுகளுக்கு அரசாங்கம் நிவாரணம் தரும் என்று கேள்விப்பட்டீர்கள். "அடிப்பலகையை முழுசா மாத்திடலாம்டா. படகு நின்னுட்டா போதும், நான் பண்ணைக்குத் திரும்ப வேண்டாம்" என்றீர்கள்.

நான் என்ன செய்தேன்? நீங்கள் வந்து பார்த்து மனசு ஒடிந்து போகக்கூடாது என்று, பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றி, ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்தேன். மேலே நீலச் சாயமும் பூசினேன். கரைக்காரர்கள் யாரும் தடுக்கவில்லை, கூடவே கைகொடுத்தார்கள். ஓட்டைப் படகைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவர்களாலும் முடியாது. ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டாமா! எல்லாரும் முட்டாள்கள், அதில் தலைமை முட்டாள் நான்.

நீங்கள் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, படகைத் தடவிப் பார்த்துச் சிரித்தீர்கள். அடுத்த வாரம் வருவாய் ஆய்வாளர் வந்தார். படகைச் சுற்றி நடந்தார்.

"எங்கப்பா குண்டு பாஞ்ச இடம்?"

"அடைச்சிட்டோங்க" என்றேன்.

"அடைச்சிட்டா நான் எதைப் பாத்து எழுதுறது? போட்டோ ஏதும் எடுத்தீங்களா?"

நம்மிடம் போட்டோ ஏது! நீங்கள் வேட்டியை விலக்கித் தொடைத் தழும்பைக் காட்டினீர்கள். "அது வேற மனு, பெரியவரே. நான் படகைப் பாக்க வந்தவன்" என்றார். கெட்ட மனிதர் இல்லை, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். சேதமில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

கலெக்டர் ஆபீசுக்கு எத்தனை மனு! எல்லாவற்றுக்கும் அந்த ஆய்வறிக்கையே பதில். என் ஒட்டும் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. படகை விறகுக்குக் கொடுத்தோம். காலை இழுத்துக்கொண்டு அதே பண்ணைக்கு அறுப்புக்குப் போனீர்கள். அங்கேதான் ஒரு நாள் வரப்பில் விழுந்தீர்கள், எழுந்திருக்கவே இல்லை.

ஒரு நாளாவது என்னைத் திட்டியிருக்கலாம். "விடுறா, நீ ஆசையாத்தானே செஞ்ச" என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன புயலில் அக்கா வீட்டுக் கூரை பறந்துவிட்டது. கணக்கெடுக்க வருவார்கள் என்று சொல்லி, ஒரு கீற்றைக்கூட எடுத்துப் போட அவளை நான் விடவில்லை. ஒரு மாதமாக மழையில் நனைகிறாள், மச்சான். இன்னும் யாரும் வரவில்லை.